பணியாளரின் மனமும் ஓர் அமானிதமே!





ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் வந்தபோது அன்ஸாரித் தோழர் அபூ உமாமா (ரலி) அவர்கள் தனியே அமர்ந்திருப்பதைக் கண்டார்கள். அது தொழுகை நேரமல்ல. தொழுகை நேரமல்லாத நேரத்தில் ஏன் இங்கே அமர்ந்திருக்கிறீர் என்று விசாரித்தார்கள். தம்மைப் பிடித்துக்கொண்ட கவலைகளும் கடன்களுமே காரணம் என்று அந்தத் தோழர் மனம் திறந்தார்கள். உடனே நபியவர்கள் அவருக்கு ஒரு துஆவைக் கற்றுக்கொடுத்து, காலையிலும் மாலையிலும் ஓதி வரச் சொன்னார்கள். அவ்வாறே ஓதி வந்ததில் அல்லாஹ் தம் கவலையைப் போக்கினான், கடனையும் தீர்த்து வைத்தான் என்று அபூ உமாமா (ரலி) அவர்களே பின்னர் தெரிவித்திருக்கிறார்கள். (நூல்: அபூதாவூத்)

அந்த துஆவில் எட்டு விஷயங்களை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடப்படுகிறது. கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடனின் சுமை, மனிதர்களின் ஆதிக்கம் ஆகியவையே அந்த எட்டும். நபி (ஸல்) அவர்கள் இதை அடிக்கடி ஓதக் கேட்டதாக அவர்களின் பணியாளரான அனஸ் (ரலி) அவர்களும் அறிவிக்கிறார்கள். (நூல்: புகாரி)

இந்த வரிசையைச் சற்று கவனியுங்கள். முதலில் நிற்பவை மனத்தின் நோய்களான கவலையும் துக்கமும். இறுதியில் நிற்பவை கடன் சுமையும் மனிதர்களின் ஆதிக்கமும். வருங்காலத்தைப் பற்றியது கவலை என்றும், கடந்து போனதைப் பற்றியது துக்கம் என்றும் இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் தமது ‘ஸாதுல் மஆத்’ நூலில் விளக்குகிறார்கள். ஒரு மனிதனைப் பிறர் அழுத்துவது நியாயமான உரிமையின் பெயரால் நடந்தால் அது கடன் சுமை. அநியாயமாக நடந்தால் அது மனிதர்களின் ஆதிக்கம் என்றும் கூறுகிறார்கள்.

நம்மிடம் வேலை செய்பவரின் கவலையையும் துக்கத்தையும் நேரடியாக நீக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. அது அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆனால் கடன் சுமையும் மனிதர்களின் ஆதிக்கமும் பெரும்பாலும் முதலாளியின் கையில் இருக்கின்றன. அவருடைய கணக்குப் புத்தகத்திலிருந்து ஒன்றும், நாவிலிருந்து மற்றொன்றும் புறப்படுகின்றன. ஆகவே பணியாளரின் மனநலத்தைக் காப்பது முதலாளிக்கு விருப்பமிருந்தால் செய்யும் தர்மம் அன்று. மறுமையில் விசாரிக்கப்படும் அமானிதம்.

கவலை என்பது ஈமானின் குறைவா?

மனச்சோர்வுக்கு ஆளானவரைப் பார்த்து, ஈமான் பலவீனம், தொழுகை சரியில்லை என்று எளிதாகத் தீர்ப்பு வழங்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. திருக்குர்ஆன் அப்படித் தீர்ப்பளிக்கவில்லை. மகன் யூசுஃபைப் பிரிந்த துக்கத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று அது கூறுகிறது (12:84). பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதையும் மறைக்காமல் சொல்கிறது (19:23). தம் நெஞ்சு நெருக்கடிக்குள்ளாகும் என்று மூஸா (அலை) அவர்கள் இறைவனிடமே முறையிட்டார்கள் (26:13). இவர்களில் எவரையும் அல்லாஹ் அதற்காகக் கண்டிக்கவில்லை.

நோய் வந்தால் மருந்து செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை வைத்திருக்கிறான் என்பது நபிகளாரின் போதனை (நூல்கள்: அபூதாவூத், திர்மிதி). இதில் மனநோய்க்கு விலக்கு இல்லை. ஹிஜ்ரி 322-இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி அவர்கள் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார்கள். கி.பி. 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. அந்தப் பாரம்பரியத்துக்கு உரிய நாம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டி வைப்பதைச் சிகிச்சை என்று நம்பினோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், கட்டப்பட்டிருந்த நிலையில் 28 பேர் உயிரிழந்த துயரத்தை இச்சமுதாயம் மறந்துவிடக் கூடாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் சற்று அதிகமானோர் ஏதேனும் ஒரு மனநோயால் பாதிக்கப்பட்டிருப்பதைக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 1200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கணக்கிட்டது. 2024 அக்டோபர் 10, உலக மனநல நாளுக்கு அந்நிறுவனம் தேர்ந்தெடுத்த கருப்பொருளும் பணியிட மனநலமே ஆகும்.

கடன் சுமை: தறியோடு கட்டப்பட்ட வாழ்வு

இப்போது நம் பகுதிக்கு வருவோம். பள்ளிப்பாளையம், குமாரபாளையம் வட்டாரத்தின் விசைத்தறிகள், நாமக்கல்லின் லாரிகள், பாடி கட்டும் பட்டறைகள், கோழிப்பண்ணைகள், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள், சேலத்தின் கொலுசுப் பட்டறைகள், சேகோ ஆலைகள், ஜவுளிக்கடைகள் எல்லாம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. முதலாளிகளாகவும் தொழிலாளிகளாகவும் நம் ஜமாஅத்தாரும் இவற்றில் இருக்கிறார்கள்.

விசைத்தறியில் ‘அட்வான்ஸ்’ என்பது பழகிப்போன சொல். திருமணம், மருத்துவம், வீட்டு வாடகை என ஏதோ ஒரு நெருக்கடியில் தொழிலாளி முன்பணம் வாங்குகிறார். அதை அடைக்கும் வரை அவரால் அந்தப் பட்டறையை விட்டு நகர முடியாது. வேறு பட்டறைக்குப் போக வேண்டுமானால் அங்கே இன்னும் பெரிய முன்பணம் வாங்கி இங்கே கட்ட வேண்டும். பற்றாக்குறைக்கு வாரவட்டிக் கடன் வேறு. கணவனும் மனைவியும் இரவு பகலாகத் தறி ஓட்டினாலும் அசல் குறைவதில்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025-ஆம் ஆண்டில் நாடே கண்டது. பள்ளிப்பாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் நெருக்கடியில் தங்கள் சிறுநீரகத்தையே விற்ற செய்தி வெளிவந்தது. அரசு விசாரணை நடத்தியது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. இடைத்தரகர்களைச் சட்டம் கவனித்துக்கொள்ளட்டும். ஆனால் தன் உடலின் ஓர் உறுப்பை விலை பேசும் நிலைக்கு ஒருவர் வந்துசேரும் முன், எத்தனை இரவுகள் அவர் உறங்காமல் கிடந்திருப்பார்! அந்த இரவுகளை அவரோடு வேலை செய்த எவரும் அறிந்திருக்கவில்லையா?

கடனுக்காக ஒருவரின் உழைப்பைக் கட்டிப்போடுவதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. சட்டத்தைவிடக் கடுமையான ஒன்றை முஸ்லிம் முதலாளிகளுக்கு நினைவூட்ட வேண்டும். கடன் கொடுத்தவர் அந்தக் கடனை வைத்து நிபந்தனையாகப் பெறும் எந்த ஆதாயமும் வட்டியின் வகையைச் சேரும் என்பது ஃபிக்ஹு கலையின் அறியப்பட்ட விதி. முன்பணம் வாங்கியவர் என்பதற்காக மற்றவருக்குத் தரும் கூலியைவிடக் குறைத்துக் கொடுத்தால், அந்த வித்தியாசம் யாருடைய பணம்? வாய் திறந்து வட்டி கேட்கவில்லையே என்று நாம் ஆறுதல் அடைய முடியாது. கூலியில் குறைத்தாலும் ஆதாயம் ஆதாயம்தான்.

கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்க வேண்டும் என்றும், தர்மமாக விட்டுக்கொடுத்துவிடுவது இன்னும் சிறந்தது என்றும் அல்லாஹ் அறிவுறுத்துகிறான் (2:280). எனவே முன்பணத்தை எழுத்தில் பதிவு செய்யுங்கள். கூலிக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். வீட்டுச் செலவுக்குப் போக மீதியில்தான் தவணை பிடிக்க வேண்டும். பாக்கி எவ்வளவு என்பது ஒவ்வொரு மாதமும் தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். கணக்கு தெரியாத கடனே மனிதனை அதிகம் வாட்டுகிறது.

இங்கே ஒரு மஸ்அலாவையும் கவனத்தில் கொள்ள வேண்டும். கடன்பட்ட முஸ்லிம் தொழிலாளிக்கு ஜகாத் கொடுக்கலாம். கடனாளிகளும் ஜகாத் பெறத் தகுதியானவர்களே (9:60). ஆனால் அவர் தர வேண்டிய பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டு அதையே ஜகாத்தாகக் கணக்கில் எழுதுவதைப் பெரும்பான்மை இமாம்கள் ஏற்கவில்லை. கூலிக்கும் போனஸுக்கும் பதிலாக ஜகாத் கொடுப்பதும் கூடாது. ஜகாத்தை நிபந்தனையின்றி அவர் கையில் ஒப்படையுங்கள். முஸ்லிமல்லாத தொழிலாளிக்கு ஸதகாவின் வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது.

மனிதர்களின் ஆதிக்கம்: நாவின் காயம்

அடுத்தது ஆதிக்கம். பட்டறையில், கடையில், அலுவலகத்தில் இது பெரும்பாலும் நாவின் வழியாகவே வெளிப்படுகிறது. வாடிக்கையாளர் முன்னால் திட்டுவது, சாதியையும் ஊரையும் சொல்லி இழிப்பது, பெற்றோரை இழுத்துப் பேசுவது, தவறு செய்தவரைப் பட்டப்பெயரால் அழைப்பது இவையெல்லாம் சாதாரணமாகிவிட்டன. ‘நாலு வார்த்தை கடிந்து சொன்னால்தான் வேலை நடக்கும்’ என்பது பலருடைய நம்பிக்கை.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைக் குறிப்பிட்டு ஏசிவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட நபி (ஸல்) அவர்கள், அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் உம்மிடம் ஒட்டியிருக்கிறது என்று கண்டித்தார்கள். பணியாட்கள் உங்கள் சகோதரர்கள். அல்லாஹ்வே அவர்களை உங்கள் கையின் கீழ் வைத்திருக்கிறான். நீங்கள் உண்பதையும் உடுப்பதையும் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக் கூடாது. சுமத்த நேர்ந்தால் நீங்களும் கைகொடுக்க வேண்டும் என்று வழிகாட்டினார்கள். (நூல்கள்: புகாரி, முஸ்லிம்)

ஓர் ஏச்சுச் சொல்லைக் கண்டிக்கத் தொடங்கிய அறிவுரை, உணவு, உடை, வேலைப்பளு வரை சென்று முடிகிறது. பணியாளரை இழிவாகப் பேசும் நாவும் அவர் மீது அளவுக்கு மீறி வேலையைச் சுமத்தும் கையும் ஒரே உள்ளத்திலிருந்துதான் வருகின்றன.

அனஸ் (ரலி) அவர்கள் பத்து ஆண்டுகள் நபிகளாருக்குப் பணிவிடை செய்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட சலிப்பின் ஒரு சொல்லையும் கேட்டதில்லை. செய்ததை ஏன் செய்தாய் என்றோ, செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று சாட்சி சொல்கிறார்கள் (நூல்கள்: புகாரி, முஸ்லிம்). அனஸ் (ரலி) அவர்கள் பணியில் சேர்ந்தபோது பத்து வயதுச் சிறுவர். சிறுவரிடம் தவறே நேராமலா இருந்திருக்கும்?

அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் அடிமையைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கோபத்தில் அவருக்கு அது யாருடைய குரல் என்று புரியவில்லை. அருகில் வந்தது நபி (ஸல்) அவர்கள். இவர் மீது உமக்குள்ள சக்தியைவிட உம் மீது அல்லாஹ்வுக்குள்ள சக்தி அதிகம் என்று எச்சரித்தார்கள். சாட்டை கீழே விழுந்தது. அந்த அடிமையும் விடுதலை பெற்றார் (நூல்: முஸ்லிம்). இன்று நம் கையில் சாட்டை இல்லை. ஆனால் நள்ளிரவில் ஓட்டுநரை அழைத்து மிரட்டும் கைபேசி இருக்கிறது.

பெண் பணியாளர்களின் நிலை இன்னும் நுட்பமானது. இழிசொல்லும் தகாத பார்வையும் அவர்களை எத்தனை காலம் வதைத்தாலும், வேலை போய்விடுமே என்று வெளியே சொல்ல மாட்டார்கள். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. ஹயாவைப் பேணும் சமுதாயம் இதில் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா?

சக்திக்கு மீறிய சுமை

நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்த ஓர் ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகியது. அதன் கண்களிலிருந்து நீர் வழிந்தது. நபியவர்கள் அருகே சென்று அதன் தலையைத் தடவிக்கொடுத்தார்கள்; அது அமைதியடைந்தது. பிறகு உரிமையாளரை அழைத்து, அல்லாஹ் உமக்கு உடைமையாக்கிய இந்தப் பிராணியின் விஷயத்தில் அவனுக்கு அஞ்ச வேண்டாமா என்று கண்டித்தார்கள். நீர் இதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குகிறீர் என்று இது முறையிடுகிறது என்றார்கள். (நூல்: அபூதாவூத்)

அந்த ஒட்டகம் தினமும் உரிமையாளரின் கண் முன்னால்தான் நின்றது. அதன் களைப்பு அவருக்குத் தெரியவில்லை. பேசத் தெரிந்த மனிதரின் களைப்பும் நமக்குத் தெரியாமல் போகலாம். ஏனெனில் கூலிக்கு நிற்பவர் முதலாளி முன்னால் எல்லாம் நலம் என்றுதான் சொல்வார்.

நாமக்கல்லிலிருந்து புறப்படும் லாரி ஓட்டுநர் குஜராத்துக்கோ அஸ்ஸாமுக்கோ போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகிறது. முன்பு இருவர் சென்ற வண்டியில் இன்று ஒருவரே போவதும் உண்டு. மொழி தெரியாத ஊர், சோதனைச் சாவடி, லோடு இறக்கக் காத்திருப்பு, தூக்கமில்லா இரவு, வீட்டில் நோயுற்ற பிள்ளை, இடையில் முதலாளியின் அழைப்பு. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதையே பொது வரம்பாக வைத்தது. 2025 நவம்பரில் அச்சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. எந்தச் சட்டம் இருந்தாலும், உறங்காத ஓட்டுநரை ‘விடிவதற்குள் போய்ச் சேர்’ என்று விரட்டும் முதலாளி, அவருடைய உயிரோடும் எதிரில் வருபவரின் உயிரோடும் விளையாடுகிறார்.

சேலத்தின் கடைவீதிகளில் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்தார்கள். அமர்ந்தால் அபராதம் என்ற கொடுமையும் பல ஊர்களில் இருந்தது. கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. ஒரு நாற்காலி போடுவதற்கும் சட்டம் தேவைப்பட்டது என்பது வெட்கத்துக்குரியது.

மத்யன் நகரின் முதியவர் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்தியபோது நடந்துகொண்ட முறையைத் திருக்குர்ஆன் பதிவு செய்திருக்கிறது (28:27). பணிக்காலம் எட்டு ஆண்டுகள் என்று தெளிவாகச் சொன்னார். பத்தாகப் பூர்த்தி செய்வது மூஸாவின் விருப்பம் என்றார். அவருக்குச் சிரமம் கொடுக்கும் எண்ணம் தமக்கு இல்லை என்றும், தம்மை நல்லவராகவே காண்பார் என்றும் உறுதியளித்தார். தொலைவிலிருந்து உயிருக்கு அஞ்சி ஓடிவந்த ஓர் அந்நியருக்கு இந்த வார்த்தைகள் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! இன்று நம் பண்ணைகளிலும் தறிப்பட்டறைகளிலும் உணவகங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே தெளிவும் அதே உறுதிமொழியும் தேவை.

குற்றத்துக்குப் பின்னால் இருக்கும் காரணம்

ஹாத்திப் என்பவரின் பணியாட்கள் முஸைனா குலத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். வழக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்தது. முதலில் தண்டனை விதிக்க முற்பட்ட உமர் (ரலி) அவர்கள், இவர்களை எஜமானர் பட்டினி போடுகிறார் என்று உணர்ந்ததும் தீர்ப்பை மாற்றினார்கள். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம் என்று அறிந்து, அதன் இரு மடங்கான 800 திர்ஹத்தை எஜமானரே கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். (நூல்: முவத்தா)

இது முதலாளிகள் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு. நேற்று வரை ஒழுங்காக வந்தவர் இன்று தாமதமாக வருகிறார், கணக்கில் தவறுகிறார், சிறு சொல்லுக்கும் எரிந்து விழுகிறார், சாப்பிடாமல் ஒதுங்கி நிற்கிறார், குடிக்கத் தொடங்கிவிட்டார். உடனே சம்பளத்தைப் பிடித்து வெளியே அனுப்புவது எளிது. காரணத்தைத் தேடுவதே உமர் (ரலி) அவர்களின் வழி. சில நேரங்களில் அந்தக் காரணம் நம் பட்டறைக்குள்ளேயே இருக்கும்.

முதலாளிகள் செய்ய வேண்டியவை

1. பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுங்கள். வியர்வை உலருமுன் கூலி என்பது நபிமொழி (நூல்: இப்னுமாஜா). வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வாதியாக நிற்பான் (நூல்: புகாரி). சனிக்கிழமைக் கூலி திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனால், இடைப்பட்ட இரண்டு நாளும் அந்த வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள்.

2. வார விடுமுறையும் உறக்கத்துக்கான இடைவெளியும் உரிமைகள். இரவு ஷிப்டிலேயே ஒருவரைத் தொடர்ந்து வைக்காமல் முறை மாற்றிக் கொடுங்கள். பயணம் முடித்து வந்த ஓட்டுநர் வீட்டில் தங்கிய பிறகே அடுத்த லோடு ஏற்றுங்கள்.

3. தவறைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். பாராட்டைப் பலர் முன்னிலையில் சொல்லுங்கள். மேஸ்திரியும் மேலாளரும் எப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கும் நீங்களே பொறுப்பாளர்.

4. நலம் விசாரியுங்கள். நபிகளாருக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவர் நோயுற்றபோது நபியவர்கள் அவருடைய வீட்டுக்கே சென்று நலம் விசாரித்தார்கள் (நூல்: புகாரி). பணியாளரின் மதமும் மொழியும் இந்த ஸுன்னத்துக்குத் தடையல்ல.

5. மனச்சோர்வு, பதற்றம், உறக்கமின்மை நீடித்தால் மருத்துவரிடம் அனுப்பி, அதற்கான விடுப்பைக் கூலியோடு கொடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைப் பட்டறைச் சுவரிலும் லாரியின் கேபினிலும் எழுதி வையுங்கள்.

6. பணியாளர் உங்களிடம் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லாதீர்கள். சபையில் பேசப்பட்டவை அமானிதம். ‘அவன் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான்’ என்ற ஒரு சொல் அவருடைய வேலையை மட்டுமல்ல, அவர் மகளின் திருமணத்தையும் தடுத்துவிடும்.

7. சிகிச்சை முடிந்து திரும்புபவருக்கு அவருடைய இடத்தை வைத்திருங்கள். தொடக்கத்தில் இலகுவான வேலையைக் கொடுங்கள்.

வாழவே விருப்பமில்லை என்று யாராவது சொன்னால், அது ஹராம் என்று பயான் செய்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தற்கொலை ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு முதலில் தேவை, பக்கத்தில் அமர்ந்து கேட்கும் ஒரு மனிதர். அவரைத் தனியே விடாமல் குடும்பத்தாரிடமும் மருத்துவரிடமும் சேர்ப்பியுங்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. சட்டமே இரக்கம் காட்டும்போது நம் நாவு கல்லெறியலாமா?

வீடும் பள்ளிவாசலும்

தாய்மார்களே! வீட்டு வேலைக்கு ஓர் அம்மாவை வைத்திருந்தால் நீங்களும் முதலாளியே. அவர் குடிக்கும் தேநீருக்குத் தனி டம்ளர் வைத்திருந்தால், அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது உங்களுக்கும் சொல்லப்பட்டதே. வேலை முடிந்து களைத்து வரும் கணவரையும் மகனையும் வாசலிலேயே செலவுக் கணக்கால் வரவேற்காதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு ஆயிஷா (ரலி) அவர்கள் ‘தல்பீனா’ என்னும் கஞ்சியைச் செய்து கொடுக்கச் சொல்வார்கள். அது நோயுற்ற இதயத்துக்கு ஆறுதல் தந்து துக்கத்தைக் குறைக்கும் என்று நபியவர்களிடம் கேட்டிருக்கிறார்கள் (நூல்: புகாரி). ஒரு கிண்ணக் கஞ்சியும் கனிவான ஒரு சொல்லும் எந்த வீட்டிலும் முடியக்கூடியவை.

பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரு முதலாளிதான். முஅத்தினுக்கு ஐந்து நேரமும் கடமை. ஆண்டு முழுவதும் வைகறையில் எழுகிறார். அவருக்கு வார விடுமுறை உண்டா? இமாமையும் மதரஸா உஸ்தாதையும் ஜமாஅத்தார் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பதற்கு வரம்பு உண்டா? மற்ற முதலாளிகளுக்குப் புத்தி சொல்லும் மிம்பர் உள்ள இடத்தில் இதற்கு முதலில் பதில் இருக்க வேண்டும். பைத்துல்மால் உள்ள ஜமாஅத்துகள் வாரவட்டியில் சிக்கியவர்களை மீட்க வட்டியில்லாக் கடன் கொடுத்தால், அதுவே பெரிய மனநல மருத்துவம்.

தொழிலாளிகளும் ஒன்றை உணர வேண்டும். முதலாளிக்கும் மனம் உண்டு. நூல் விலை, டீசல் விலை, நாளுக்கு நாள் மாறும் முட்டை விலை, வண்டிக்கு வாங்கிய கடனின் தவணை ஆகியவை அவருடைய உறக்கத்தையும் பறிக்கின்றன. அவரது பயம் மேலாளர் மீது கோபமாக இறங்கி, மேலாளரிடமிருந்து கூலியாளிடம் வந்து சேர்கிறது. நேரத்தையும் பொருளையும் அமானிதமாகப் பேணி உழைப்பது தொழிலாளியின் கடமை. ஆனால் தன்மீது விழுந்த சுமையைத் தனக்குக் கீழே இருப்பவர் தலையில் இறக்கி வைக்க எந்த முதலாளிக்கும் அனுமதி இல்லை. அவரும் அபூ உமாமா (ரலி) அவர்களைப் போலப் பள்ளிவாசலில் அமரட்டும். அதே துஆவை ஓதட்டும்.

ஆம், அந்த துஆவை நாம் அனைவரும் மனனம் செய்து காலையிலும் மாலையிலும் ஓதி வர வேண்டும். ஓதும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. மனிதர்களின் ஆதிக்கத்தை விட்டுப் பாதுகாப்புத் தேடி நாம் கை ஏந்தும் அதே நேரத்தில், நம் ஆதிக்கத்தை விட்டுப் பாதுகாப்புத் தேடி நம்மிடம் வேலை செய்பவர் எவரும் கை ஏந்திக்கொண்டிருக்கக் கூடாது. அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை.

வல்ல ரஹ்மான் நம் அனைவரின் கவலைகளையும் கடன்களையும் நீக்கி, நம் கையின் கீழ் உள்ளவர்களிடம் நீதியோடும் இரக்கத்தோடும் நடந்துகொள்ளும் நற்பாக்கியத்தைத் தந்தருள்வானாக! நம் தொழில்களில் ஹலாலான பறக்கத்தைப் பொழிவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.